பெட்டியில் எழுதியிருப்பதும் ஸ்பேனரில் இருப்பதும்

பொள்ளாச்சிப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். பைக்குக்கும் பம்புசெட்டுக்குமாக ஒரு ஸ்பேனர் செட் வேண்டும், கையில் 2,000 ரூபாய். ஆன்லைனில் 46 பீஸ் பெட்டி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். பெட்டி மேல் மூவர்ணப் பட்டை. "பெருமைமிகு இந்தியத் தயாரிப்பு", "குரோம் வனேடியம்", "ஜெர்மன் டெக்னாலஜி", "ஏரோஸ்பேஸ் கிரேடு", "வாழ்நாள் உத்தரவாதம்" என்று இடமில்லாமல் எழுதியிருக்கிறதாம். ஊர் ஹார்டுவேர் கடைக்காரரோ பழைய இந்திய பிராண்டு ஒன்றின் ரிங் ஸ்பேனர் செட்டை எடுத்துப் போட்டிருக்கிறார். அதில் பிராண்டு பெயரையும் அளவையும் தவிர ஒன்றும் இல்லை. "நம் நாட்டுச் சாமான் வாங்க ஆசைதான், ஆனால் விளம்பரத்தில் சொல்வது நிஜமா, இல்லை இன்னும் கொஞ்சம் சேர்த்து வெளிநாட்டு செட்டே வாங்கிவிடட்டுமா?" என்கிறார்.

இதில் மூன்று கேள்விகள் கலந்து கிடக்கின்றன. எங்கே செய்தது, எதால் செய்தது, உங்கள் வேலைக்கு ஆகுமா. முதலாவதுக்குப் பெருமையாக ஒரு பதிலைச் சொல்லிவிட்டு மற்ற இரண்டையும் நீங்களே நல்லபடியாக ஊகித்துக்கொள்ளும்படி விடுவதுதான் அந்தப் பெட்டி செய்யும் வேலை. அதனால் தனித்தனியாகப் பிரித்தே சொல்கிறேன். நான் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து ஆரம்பத்தில் ஒரு ஹீட் ட்ரீட்மென்ட் ஷாப்பில், அதாவது இரும்பைச் சூடேற்றிப் பதம் போடும் பட்டறையில், இருந்தேன். பிறகு கோவையில் மில் மெயின்டனன்ஸ், அப்புறம் ஸ்டோர்ஸ். ஃபிட்டர்களுக்கு டூல்ஸ் கொடுத்து, உடைந்து திரும்பி வருவதை வாங்கிப் பார்த்து வைத்த அனுபவம்தான் என்னுடையது. கையால் பிடித்துச் செய்யும் இரும்புச் சாமான் வரைக்கும் பேசுவேன். டிரில், கிரைண்டர் மாதிரி கரண்டில் ஓடுவது பற்றி இங்கே எதுவும் சொல்லப் போவதில்லை.

முதலில் எங்கே என்பது. இந்தியாவில் கைக்கருவிகள் நிஜமாகவே பெரிய அளவில் தயாராகின்றன. பஞ்சாபில் ஜலந்தர், லூதியானா, ராஜஸ்தானில் நாகௌர் ஆகியவை இதற்குப் பேர் போன ஊர்கள். ஜலந்தரில் 1983-லேயே மத்திய அரசு கைக்கருவிகளுக்கென்று ஒரு தனி நிறுவனம் அமைத்தது. மகாராஷ்டிரத்தில் நாசிக்கில் டபாரியா இருக்கிறது. 1969-ல் ஸ்வீடன் தொழில்நுட்பக் கூட்டோடு தொடங்கிய கம்பெனி. அரம் என்று எடுத்துக்கொண்டால் ரேமண்ட் குழுமத்தின் ஜேகே ஃபைல்ஸ் உலக அளவிலேயே பெரிய தயாரிப்பாளர்களில் ஒன்று. வெளிநாட்டுக்காரன் பெயர் அச்சிட்டு வரும் சாமானில் கணிசமானது லூதியானா, ஜலந்தர் பட்டறைகளில் அடித்ததுதான். ஆக "இந்தியாவில் நல்ல ஸ்பேனர் செய்ய முடியுமா" என்பது கேள்வியே இல்லை, செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் அதே பட்டறையில் காலையில் ஜெர்மன் ஆர்டரும் மாலையில் உள்ளூர்ச் சந்தைக்கான சரக்கும் ஓடும். ஆளும் சுத்தியலும் அச்சும் ஒன்றே. வாங்குபவர் கேட்ட எஃகு, கேட்ட அளவு, செய்யச் சொன்ன சோதனை ஆகியவைதான் வேறு. "எக்ஸ்போர்ட் குவாலிட்டி" என்று உள்ளூர்க் கடையில் தொங்குவதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளாததற்குக் காரணம் இதுவே. ஏற்றுமதிக்கான சோதனையில் தேறியது கப்பலேறிப் போயிருக்கும்.

விலைக் கணக்கு ஒன்றும் இங்கே சொல்ல வேண்டும். 2025 ஏப்ரலில் நிதி ஆயோக் இந்தத் தொழிலைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. உலகக் கைக்கருவி ஏற்றுமதியில் நம் பங்கு 2 சதவீதத்துக்கும் கீழே, பாதிக்குப் பக்கத்தில் சீனாவிடம். சீனாவோடு ஒப்பிட்டால் இந்தியத் தயாரிப்பாளருக்கு 14 முதல் 17 சதவீதம் வரை செலவு கூடுதலாகிறது, எஃகு விலையும் அதில் ஒரு காரணம் என்கிறது அந்த அறிக்கை. இதை மனதில் வைத்துக்கொண்டு அந்த 46 பீஸ் பெட்டியைப் பாருங்கள். ராட்செட், சாக்கெட், பிட், எக்ஸ்டென்ஷன், பிளாஸ்டிக் பெட்டி எல்லாம் சேர்த்து, சீன இறக்குமதிக்கு ஈடான விலையில், முழுக்க முழுக்க இந்தியாவில் செய்ததாகச் சொன்னால் இரண்டில் ஒன்றுதான். எங்கோ எஃகிலோ பதத்திலோ கை வைத்திருக்கிறார்கள், அல்லது பெட்டி மட்டும்தான் இந்தியத் தயாரிப்பு.

பெட்டி மட்டும்தான் இந்தியத் தயாரிப்போ என்ற சந்தேகத்தை நீங்களே தீர்த்துக்கொள்ளலாம். பாக்கெட் சரக்குக்கான சட்டமுறை எடையளவு விதிகள் 2011-ன்படி, உறையில் தயாரிப்பாளர் அல்லது பாக்கெட் போட்டவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, மாதம், வருடம், அதிகபட்ச விலை எல்லாம் இருக்க வேண்டும். இறக்குமதிச் சரக்கு என்றால் எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதும் இருக்க வேண்டும். 2020-ல் வந்த மின்வணிக விதிகளுக்குப் பிறகு ஆன்லைன் பக்கத்திலும் அதைக் காட்டியாக வேண்டும். ஆகவே முன்பக்கத்து மூவர்ணத்தை விட்டுவிட்டு, பின்பக்கம் பார்கோடுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சின்ன வெள்ளை ஸ்டிக்கரைப் படியுங்கள். "தயாரித்தவர்" என்று ஒரு தொழிற்சாலை முகவரி இருந்தால் ஒரு கதை. "சந்தைப்படுத்துபவர்" என்று டெல்லியிலோ மும்பையிலோ ஒரு மாடி அலுவலகத்தின் முகவரி மட்டும் இருந்தால் வேறு கதை. "இறக்குமதி செய்தவர்" என்று இருந்தால் விஷயம் முடிந்தது. இறக்குமதிச் சரக்கு என்பதாலேயே அது மோசம் ஆகிவிடாது. ஆனால் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று சொல்பவர் எஃகைப் பற்றிச் சொல்வதை மட்டும் நம்புவானேன்?

"இந்தியத் தயாரிப்பு" என்று போட எவ்வளவு பங்கு இங்கே செய்திருக்க வேண்டும் என்று ஒரு சதவீதக் கணக்கைச் சிலர் சொல்வார்கள். 50 சதவீதம், 20 சதவீதம் என்று அடிபடுவதெல்லாம் 2017-ல் வந்த அரசுக் கொள்முதல் ஆணையின் வகைப்பாடு. அரசு டெண்டருக்கு அது பொருந்தும், கடை அலமாரிக்கு அல்ல. அமெரிக்காவில் இதற்குக் கடுமையான அளவுகோல் இருக்கிறது. "அனைத்தும் அல்லது ஏறக்குறைய அனைத்தும்" அங்கேயே செய்திருந்தால்தான் அந்த நாட்டுத் தயாரிப்பு என்று போடலாம். அங்கேயும் சொல்வது சுலபம், செய்வது கஷ்டம் என்றுதான் ஆனது. கிராஃப்ட்ஸ்மேன் என்ற அமெரிக்க பிராண்டின் கருவிகளை மறுபடி அமெரிக்காவிலேயே செய்வோம் என்று 2019-ல் அறிவித்து, டெக்சாஸில் ஃபோர்ட் வொர்த்தில் சுமார் 9 கோடி டாலரில் நவீன ஆலை ஒன்றைக் கட்டினார்கள். தானியங்கி இயந்திரங்கள் நினைத்தபடி ஓடவில்லை. 2023-ல் மூடிவிட்டார்கள். இத்தனைக்கும் அந்த பிராண்டை வைத்திருப்பது ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர் போன்ற ஒரு பெரிய கம்பெனி. ஒரு 13 எம்எம் ஸ்பேனரை அடித்துப் பதம் போட்டு அளவு மாறாமல் லட்சக்கணக்கில் எடுப்பது வெளியிலிருந்து பார்க்கிற அளவுக்குச் சாதாரண வேலை இல்லை.

சரி, எதால் செய்தது? "குரோம் வனேடியம்" என்ற சொல்லுக்குக் கடையில் ஒரு மந்திர சக்தி வந்துவிட்டது. ஸ்பேனருக்கு உலகம் முழுக்கப் பயன்படும் அந்த வகை எஃகு ஒன்றில் கார்பன் சுமார் 0.3 சதவீதம், குரோமியம் அரை சதவீதத்தை ஒட்டி, வனேடியம் 0.1 சதவீதத்தை ஒட்டி. அவ்வளவுதான், மீதி இரும்பும் கொஞ்சம் மாங்கனீசும் சிலிக்கானும். இந்தச் சிறிய சேர்க்கைக்கு நிஜமான பலன் உண்டு. பதம் போடும்போது உள்வரைக்கும் இறுகும், துகள் பருக்காமல் இருக்கும், முறிவதற்கு முன் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். அதனால் ஸ்பேனரை ஒல்லியாகச் செய்ய முடியும். கார்பன் எஃகில் செய்தால் அதே பலத்துக்குத் தடிமனாகச் செய்ய வேண்டும். நம் ஊரில் "கையில் எடுத்தா வெயிட்டா இருக்கு, நல்ல சாமான்" என்பார்கள். இது பாதிதான் சரி. தடித்த ரிங் ஸ்பேனர் பம்பு ஃபிளாஞ்சுக்கும் போல்ட்டுக்கும் நடுவே நுழையாதபோதுதான் ஒல்லியான ஸ்பேனரின் அருமை தெரியும். ஆனாலும் நல்ல கார்பன் எஃகில் ஒழுங்காகச் செய்த தடித்த ஸ்பேனர் வேலைக்குப் போதும், மட்டமாகப் பதம் போட்ட குரோம் வனேடியத்தைவிட அதுவே மேல்.

அந்த எழுத்து உண்மையா என்று கண்ணால் சொல்ல முடியுமா? முடியாது. காந்தம் உதவாது, எல்லா ஸ்பேனரிலும் ஒட்டும். கிரைண்டரில் பிடித்துப் பொறியைப் பார்த்தால் கார்பன் எவ்வளவு என்று ஓரளவு ஊகிக்கலாம், அரை சதவீதக் குரோமியத்தைப் பிரித்துச் சொல்லும் கண் யாருக்கும் கிடையாது. என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில், எஃகில் என்னென்ன எவ்வளவு கலந்திருக்கிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரோமீட்டரில் வைத்தால் ஒரு நிமிடத்தில் தெரியும். ஆனால் ஒரு ஸ்பேனருக்காக அதை யார் செய்வார்கள்? ஆகவே பெட்டியில் எழுதியிருப்பதில் எஃகின் பெயரைத்தான் நான் சந்தேகப் பட்டியலில் முதலில் வைப்பேன். எல்லோரும் பொய் சொல்கிறார்கள் என்று சொல்லவில்லை. பொய் சொன்னாலும் மாட்டிக்கொள்ளாத இடம் அது, அவ்வளவே. "ஏரோஸ்பேஸ் கிரேடு" இன்னும் ஒரு படி மேல். விமானத்தில் அலுமினியம், டைட்டானியம், நிக்கல் கலவை, எஃகு என்று எத்தனையோ இருக்கின்றன. எந்தப் பாகத்துக்கான எது என்று சொல்லாதவரை அந்தச் சொல்லுக்கு அர்த்தமே இல்லை. "ஜெர்மன் டெக்னாலஜி"யும் அப்படித்தான். ஜெர்மன் தரநிலை எண்ணைப் போட்டால் பேசலாம், டெக்னாலஜி என்றால் என்ன பேசுவது?

இனி பதம். ஸ்பேனரின் தலையெழுத்தைத் தீர்மானிப்பது இதுதான், பெட்டியில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. அடித்து உருவாக்கிய ஸ்பேனரைச் சுமார் 850 டிகிரிக்குச் சூடேற்றி எண்ணெயில் இறக்குவார்கள். அப்போது அது கண்ணாடி போல விறைத்துவிடும். கீழே போட்டாலே விரிசல் விடலாம். அதை மறுபடி 400, 500 டிகிரி வாக்கில் வைத்து விறைப்பைக் கொஞ்சம் இறக்க வேண்டும். இந்த இரண்டாவது சூடு குறைந்தால் ஸ்பேனர் ஒரு நாள் சொல்லாமல் உடையும். அதிகமானால் வாய் விரியும். ஸ்பேனருக்குக் கடினத்தன்மையை அளக்கும் ராக்வெல் சி கணக்கில் 40 முதல் 48 வரை இருந்தால் சரியான இடம். கட்டிங் பிளேயரின் வெட்டும் ஓரம் 55-க்கு மேல் வேண்டும். அரம் 60-ஐத் தாண்ட வேண்டும். ஒரே அடுப்பில் ஒரே நாளில் போட்ட கூடையிலேயே நடுவில் கிடந்ததும் ஓரத்தில் கிடந்ததும் நாலைந்து புள்ளி வித்தியாசப்படும், எண்ணெயைச் சரியாகச் சுழற்றாவிட்டால். இதைச் சோதிக்க ஆள் போட்டுப் பத்துக்கு ஒன்று எடுத்துப் பார்க்கிற பட்டறைக்கும், பார்க்காமல் பாலிஷுக்கு அனுப்புகிற பட்டறைக்கும்தான் தரத்தில் வித்தியாசம். இரண்டும் ஒரே தெருவில் இருக்கலாம், இரண்டும் "இந்தியத் தயாரிப்பு"தான்.

இன்னொரு நுணுக்கம். திறந்த அடுப்பில் சூடேற்றினால் மேல்தோலில் உள்ள கார்பன் எரிந்துபோய், தலைமுடி தடிமனுக்கு ஒரு மெத்தென்ற தோல் உருவாகும். உள்ளே இறுகியிருக்கும், மேலே இளகியிருக்கும். இப்படிப்பட்ட ஸ்பேனர் முதல் சில தடவை போல்ட்டைப் பிடித்ததும் வாயின் உள்பக்கம் பளபளவென்று நசுங்கியிருப்பதைப் பார்க்கலாம். ஸ்டோர்ஸில் புது செட் வந்தால் ஒரே ஒரு ஸ்பேனரை எடுத்து, கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் முலாமைத் தேய்த்துவிட்டு, ஒரு நைசான அரத்தால் லேசாக இழுத்துப் பார்ப்போம். அரம் வழுக்கிக்கொண்டே போனால் அளவுக்கு மீறி விறைப்பு. சாதா இரும்பில் ஏறுவது போலக் கடித்து இழுத்தால் பதமே இல்லை. கடிக்கிறது ஆனால் கைக்கு எதிர்ப்புக் கொடுக்கிறது என்றால் சரி. இதற்கு எண் கிடையாது, ஆனால் நல்ல ஸ்பேனர் ஒன்றில் முதலில் இழுத்துப் பார்த்துவிட்டு இதில் இழுத்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியும். கடைக்காரர் அனுமதிக்க மாட்டார், வாங்கிய பிறகு செய்துகொள்ளுங்கள்.

பெட்டியே இல்லாமல் பேர் வாங்கிய சாமானும் உண்டு. சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாளை யார் விளம்பரப்படுத்தினார்கள்? நம் ஊர்க் கொல்லர்கள் பழைய லாரிப் பட்டையை வாங்கி அரிவாள் அடிப்பார்கள். அது ஸ்பிரிங் எஃகு, பதம் ஏறக் கூடியது. வெப்பமானி கிடையாது, மினுக்கிய ஓரத்தில் வைக்கோல் நிறம் ஓடுகிறதா, நீலம் ஏறிவிட்டதா என்று பார்த்துத் தணிப்பார்கள். வைக்கோல் நிறம் 220, 230 டிகிரி. நீலம் 300-ஐ ஒட்டி. கணக்கு அறிவியலுக்குப் பொருந்தித்தான் வருகிறது. ஒரு கொல்லர் ஒரு நாளில் அடிக்கிற சில அரிவாளுக்கு இது போதும். ஆயிரக்கணக்கில் எடுக்கும்போது கண்ணை நம்ப முடியாது, அங்கே அடுப்புக் கட்டுப்பாடும் சோதனையும் வேண்டும்.

கடையில் நின்றபடியே பார்க்கக் கூடியவை சில உண்டு. ஒரு புது எம்8 போல்ட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். தலை 13 எம்எம். தரநிலைப்படி ஸ்பேனரின் வாய் 13-ஐவிடக் கால் மில்லிமீட்டருக்குள்தான் அகலமாக இருக்கலாம், குறையவே கூடாது. போல்ட் தலையோ 12.73 வரை சிறுத்திருக்க அனுமதி உண்டு. ஆகப் பெரிய வாயும் ஆகச் சிறிய தலையும் சேர்ந்தாலே அரை மில்லிமீட்டர் ஆட்டம் வந்துவிடும். ஸ்பேனர் தன் வரம்பைத் தாண்டியிருந்தால் அவ்வளவுதான், முனையில் மட்டும் பிடித்து மூலையைச் சீவிவிடும். போல்ட் தலை உருண்டு போவதற்கு எஃகைவிட இந்த ஆட்டம்தான் பெரிய காரணம் என்பது என் கணிப்பு. போல்ட்டில் மாட்டி இடவலமாக ஆட்டிப் பாருங்கள். இரண்டு பிராண்டை அடுத்தடுத்து மாட்டினாலே புரிந்துவிடும்.

ரிங்கின் உள்பக்கம் பன்னிரண்டு மூலையும் ஒரே ஆழத்தில் வெட்டியிருக்கிறதா, ரிங்கின் சுவர் சுற்றிலும் ஒரே தடிமனா, இல்லை ஒரு பக்கம் ஒல்லியா என்று பாருங்கள். ஒல்லியான பக்கம்தான் பிளக்கும். தண்டின் இரண்டு ஓரத்திலும் நடுவாக ஒரு மெல்லிய கோடு ஓடினால் அச்சில் வைத்து அடித்த பிதுக்கத்தை வெட்டிய தடம், அது குறை அல்ல, பாலிஷில் மறைந்தும் போயிருக்கலாம். முலாமைப் பற்றி ஒரே வார்த்தை. மேலே தெரியும் பளபளப்பான குரோமியம் ஒரு மைக்ரானில் ஒரு பகுதிதான், துருவைத் தடுப்பது அதன் அடியில் உள்ள நிக்கல். பளபளப்புக்கும் பலத்துக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் ஓரத்தில் கொப்புளமோ உரிசலோ இருந்தால் வாங்காதீர்கள். உரிந்த முலாம் பிளேடு மாதிரி உள்ளங்கையைக் கிழிக்கும். முலாம் போட்ட பின் சூட்டில் வைக்காமல் விட்ட எஃகுக்குள் ஹைட்ரஜன் தங்கி நொறுங்கும் தன்மை வரும் என்பதும் உண்மை. அதை வெளியிலிருந்து பார்க்க வழியில்லை.

கட்டிங் பிளேயரை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வெட்டும் ஓரத்தில் கோடு போல வெளிச்சம் தெரிந்தால் மெல்லிய கம்பி வெட்டாமல் மடங்கும். திறந்து, இரண்டு கைப்பிடியையும் எதிரெதிராக முறுக்கிப் பாருங்கள். மூட்டில் ஆட்டம் இருக்கக் கூடாது. ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கைப்பிடியில் தடித்த பிளாஸ்டிக் உறை போட்டிருப்பதாலேயே அது கரண்ட் வேலைக்கான பிளேயர் ஆகிவிடாது. "இன்சுலேட்டட்" என்ற சொல் பெட்டியில் இருந்தாலும் போதாது. உயிருள்ள லைனில் வேலை செய்யத் தகுந்த கருவிக்கு ஐஇசி 60900 என்று ஒரு தரநிலை உண்டு. அதன்படி 10,000 வோல்ட்டில் சோதித்து, 1000 வோல்ட் வரை பயன்படுத்தலாம் என்று குறிப்பார்கள். கருவியின் மேலேயே இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் இருக்கும். இந்தியாவிலேயே இதைச் செய்கிறார்கள், விலை சாதா பிளேயரைவிடக் கூடுதல். பம்புசெட் ஸ்டார்ட்டர் பெட்டியில் மூன்று ஃபேஸ் 415 வோல்ட் ஓடுகிறது. மெயினை இறக்காமல் அதில் கை வைக்கவே கூடாது. அதையும் மீறி ஒரு நாள் மறந்துவிடக்கூடும் என்பதற்காகத்தான் இந்தப் பிளேயர்.

பெட்டியில் எழுதும் மற்ற விஷயங்களில் எதை மதிக்கலாம்? "ஐஎஸ்ஓ 9001" என்பது அந்தக் கம்பெனியின் நிர்வாக முறைக்கான சான்று. ஸ்பேனருக்கான சான்று அல்ல. காகிதம் ஒழுங்காக வைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஐஎஸ் என்று தொடங்குவது இந்தியத் தரநிலை எண். ஐஎஸ் 2028 என்றால் ஓப்பன் ஸ்பேனர், ஐஎஸ் 2029 ரிங் ஸ்பேனர், ஐஎஸ் 3650 கட்டிங் பிளேயர், ஐஎஸ் 841 சுத்தியல். இந்த மாதிரி பொருளுக்கான எண் போட்டிருந்தால் மதிப்பு கூடும், ஏனென்றால் கடினத்தன்மைக்கும் அளவுக்கும் அதில் வரம்பு இருக்கிறது, பொய்யென்றால் நிரூபிக்க முடியும். ஐஎஸ்ஐ முத்திரையே இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் முத்திரைக்கு மேலே ஐஎஸ் எண்ணும், கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை, முத்திரை கொடுக்கும் அரசு அமைப்பான பிஐஎஸ்ஸின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் யாருக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்த உரிமம் என்று காட்டிவிடும். எண் இல்லாத வெறும் முத்திரையும், "ஐஎஸ்ஐ தரத்தில் தயாரித்தது" என்ற வாக்கியமும் ஒன்றுதான், இரண்டுக்கும் மதிப்பில்லை. வாழ்நாள் உத்தரவாதம் யாருடைய வாழ்நாள் என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் தயாரிப்புக் குறைக்கு மட்டும், தேய்மானத்துக்கு இல்லை, குழாய் மாட்டி நீட்டிப் பிடித்தால் இல்லை. உடைந்ததை எடுத்துக்கொண்டு போனால் மாற்றிக் கொடுக்கும் கடை உங்கள் ஊரில் இருந்தால்தான் அந்த வரிக்கு அர்த்தம். இல்லையென்றால் கூரியர் செலவே ஸ்பேனர் விலை. தராமல் இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

நம் பழைய பிராண்டுகளைப் பற்றி என் மதிப்பீடு இது. ஸ்பேனர், சுத்தியல், அரம், பைப் ரெஞ்ச், பெஞ்ச் வைஸ் மாதிரி முரட்டு வேலைச் சாமானில் அவர்கள் கொடுக்கிற விலைக்கு நியாயமான தரம் கொடுக்கிறார்கள். பெட்டியில் பேசுவதும் குறைவு. ஆலைகளும் பணிமனைகளும் வருடா வருடம் வாங்குவதால் பெயரைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயமும் இருக்கிறது. கோட்டை விடுவது நுணுக்கத்தில். ராட்செட்டின் உள்பல், நட்சத்திர பிட், அலன் கீயின் முனை, சின்ன எலக்ட்ரானிக்ஸ் பிளேயர், திருப்புளியின் நுனி போன்றவற்றில் ஜெர்மனியும் ஜப்பானும் தைவானும் தெளிவாக முன்னே இருக்கின்றன. முடித்த விதத்திலும் கூர் ஓரங்களை மழுக்காமல் விட்டுவிடும் பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. இது நான் பார்த்த சரக்கை வைத்துச் சொல்வது. பிராண்டுக்குப் பிராண்டு மட்டுமில்லை, ஒரே பிராண்டில் ஒரு லாட்டுக்கும் அடுத்த லாட்டுக்கும் மாறும் என்பதால் இதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தவிர, பேர் பெற்ற பிராண்டுக்குப் போலி உண்டு. எழுத்து ஆழமில்லாமல், விளிம்பு கலங்கி அச்சாகியிருந்தால் கையை எடுத்துவிடுங்கள். டீலர் கடையில் பில்லோடு வாங்குவதுதான் இதற்குப் பாதுகாப்பு.

இப்போது உங்கள் 2,000 ரூபாய். அந்த 46 பீஸ் பெட்டி பெரும்பாலும் கால் இன்ச் டிரைவ் (ராட்செட்டில் சாக்கெட் மாட்டும் சதுர முனையின் அளவு), சாக்கெட் 14 எம்எம்மோடு நின்றுவிடும். பைக்கின் மேல் மூடி, பேட்டரி டெர்மினல், சின்ன ஸ்க்ரூவுக்கு ஆகும். பம்புசெட் அடிப்பலகை போல்ட் எம்12 என்றால் தலை 18 அல்லது 19. அதை முறையாக இறுக்கச் சுமார் 80 நியூட்டன் மீட்டர் வேண்டும். கால் இன்ச் ராட்செட் அதற்குச் செய்ததே இல்லை, எந்த நாட்டில் செய்திருந்தாலும் பல் போகும். ஆகக் கடைக்காரர் எடுத்துப் போட்ட ரிங் ஸ்பேனர் செட்தான் உங்களுக்கு. போல்ட்டை மாட்டிப் பார்த்து, ஸ்டிக்கரில் தொழிற்சாலை முகவரி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வெளிநாட்டு செட்டுக்குக் காசு சேர்க்கத் தேவையில்லை. அடிக்கடி கழற்றும் 10, 13, 17, 19 ஆகியவற்றில் மட்டும் ஒருபக்கம் ரிங், ஒருபக்கம் ஓப்பன் உள்ள காம்பினேஷன் ஸ்பேனர் தனித்தனியாக வாங்கிச் சேருங்கள். மீதிப் பணத்தில் 1000 வோல்ட் குறியுள்ள பிளேயர் ஒன்று. பைக்கின் அலன் போல்ட்டுக்கு மட்டும் பின்னால் பணம் வரும்போது நல்ல வெளிநாட்டு அலன் கீ செட் வாங்கலாம். முனை உருண்ட கீ ஒரு போல்ட்டைக் கெடுத்தால் அதை எடுக்க லேத் பட்டறைக்குக் கொடுக்கும் கூலி அந்த செட்டின் விலையைத் தாண்டிவிடும்.